கடைசி ஃபாரம்

தூக்குவாளியைத் திறந்து புளிச்சோற்றை ஒரு வாய் வைத்தபோதும் அது அசையவில்லை. நேற்றுவரைக்கும் புளிப்பு நாக்கில் பட்டதும் உள்ளே ஒரு புரள் புரளும். வலது விலாவுக்குக் கீழே குதிகாலோ முழங்கையோ ஏதோ ஒன்று வந்து முட்டிவிட்டுப் போகும். தங்கமாரி யாரும் பார்ப்பதற்குள் முந்தியை இழுத்து வயிற்றை மூடிக்கொள்வாள். தன் பிள்ளை அசைவதை இன்னொருத்தர் பார்ப்பதுகூட அவளுக்குக் கூச்சம். இன்றைக்குக் கண் விழித்ததில் இருந்தே ஒன்றுமில்லை. தூங்குது என்று நினைத்தபடிதான் மூத்தவள் ரோஷிணிக்குத் தலை பின்னினாள், தூங்குது என்று நினைத்தபடிதான் அவளைப் பால்வாடியில் விட்டாள், தூங்குது தூங்குது என்றுதான் சிவகாசி வெயிலில் புத்தகம் தைக்கிற பைண்டிங் செட்டுக்கு நடந்து வந்து, சம்மணம் போட முடியாமல் ஒரு காலை நீட்டித் தன் இடத்தில் உட்கார்ந்தாள். எட்டாம் மாதத்துப் பிள்ளை இவ்வளவு நேரமா தூங்கும்? தூங்கும். ரோஷிணி வயிற்றில் இருந்தபோது எப்படி இருந்தாள்? எவ்வளவு யோசித்தாலும் ஞாபகத்துக்கு வருவது பிறந்த பிறகு அவள் ஊரைக் கூட்டி அழுத அழுகைதான். தூக்குவாளியை மூடியாயிற்று, கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. அச்சாபீசில் இருந்து வரும் பெரிய தாள், முன்னும் பின்னும் எட்டெட்டாகப் பதினாறு பக்கம் அடித்த ஃபாரம். அதற்கு ஒரு மடிப்பு, திருப்பி இன்னொரு மடிப்பு, கடைசியாக ஒரு மடிப்பு, மூங்கில் பட்டையால் ஒரு இழுப்பு. அவ்வளவுதான், புத்தகத்தில் ஒரு துண்டு ஆகிவிடும். ஓரம் வெட்டாத துண்டு. தலைப்பக்கமெல்லாம் ஒட்டிக் கிடக்கும், விரலை விட்டுப் பிரித்துப் பார்க்க முடியாது. கட்டிங் மிஷினுக்குப் போய் வந்தால்தான் திறக்கும். முழங்கால் மடங்கி, கை மடங்கி, தலை கவிழ்ந்து, இதுவும் அப்படித்தான் உள்ளே கிடக்கிறது, மடித்து வைத்த மாதிரி. மடித்து வைத்தது எப்படி அசையும்? சீ, என்ன நினைப்பு இது, மத்தியான நேரத்தில்.

செட்டுக்கு இந்த வாரம் வந்திருப்பது படக்கதை. ககனவீரன் என்று பேர். எங்கேயோ வெளிநாட்டில் வரைந்ததை வாங்கி இங்கே தமிழில் எழுத்துப் போட்டு அடிக்கிறார்கள். சாம்பல் நிறத்தில் உடம்போடு ஒட்டின சட்டை, நெஞ்சில் ஒரு சங்கு, அவன் வானத்தில் போனால் பின்னால் மேகம் கிழிந்துகொண்டே வரும். ஆறாம் வகுப்போடு நின்றுபோன தங்கமாரிக்குப் புத்தகம் என்றாலே ஒரு பயம், ஆனால் இதில் எழுத்து பெரிசு, வட்டத்துக்குள்ளே மனுசர் பேசுகிற மாதிரியே இருக்கிறது, எழுத்துக்கூட்டினால் முடிந்துவிடும். ஒரு கதையை முதலில் இருந்து கடைசிவரை வரிசையாக அவள் வாசித்ததே கிடையாது. விரித்த தாளில்தான் வாசிப்பாள், அதில் பாதிப் பக்கம் தலைகீழாக இருக்கும். தலைகீழாக வாசிக்கவும் பழகிவிட்டது. அங்கே எதுவும் வரிசையில் இருக்காது. அடி வாங்குகிறவன் பக்கத்திலேயே அடித்தவன் ஜெயிலில் உட்கார்ந்திருப்பான். ஃபாரத்தின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் எப்போதும் ஒட்டித்தான் படுத்திருக்கும், அக்கா தங்கச்சி மாதிரி. இப்போது மடித்துக்கொண்டிருக்கிற மூன்றாம் ஃபாரத்தில் முதல் பக்கம் ககனவீரன் பிறந்த கதை, கடைசிப் பக்கம் அவன் சாவு. ஒரு ஓரத்தில் இருட்டுக்குள் ஒரு பச்சைப்பிள்ளை, அதை ஒட்டி, கண் மூடிக் கிடக்கிற பெரிய ஆள். சாமிக்கு இப்படித்தான் தெரியுமோ? விரித்துப் போட்ட தாளாக, எல்லோருடைய பிறப்பும் சாவும் பக்கத்துப் பக்கத்தில், கொஞ்சம் நேராக, கொஞ்சம் தலைகீழாக, ஒரே பார்வையில்? மடித்து வெட்டிய பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திருப்புகிறதுதான் நம்ம பாடு. அப்படியென்றால் இந்தப் பிள்ளையின் தாளும் எங்கேயோ அடித்து வைத்தாயிற்று. அதில் இன்றைக்கு என்ன படம்? அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. வேர்த்த கை பட்டால் மை அப்பும், சூப்பர்வைசர் சீனியக்கா திட்டுவாள். சேலையில் துடைத்துக்கொண்டாள். வயிற்றின் மேல் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி துடைத்துக்கொண்டாள்.

ககனவீரனுக்குப் பலமெல்லாம் காதில்தான் இருந்தது. உலகத்தில் எந்த மூலையில் யார் கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்டுவிடும், கேட்டதும் பறந்து போவான். இதை வைத்துக் காலையில் செட்டில் ஒரே சண்டை. சீனியக்காவுக்கு நெஞ்சில் சங்கைப் பார்த்ததுமே ஆள் யாரென்று முடிவாகிவிட்டது. "பெருமாள்தாம்ட்டி. முதலை காலைப் பிடிச்சதும் யானை கூப்பிட்டுச்சுல்ல, ஓடி வரலையா? அதான் இது. நம்மாள எடுத்துக்கிட்டுப் போயி கால்சட்டை மாட்டி விட்டுருக்கான் வெள்ளைக்காரன்." அட்டை ஒட்டுகிற ஜெசிந்தாக்கா பசை வாளியில் இருந்து கையை எடுக்காமலே, "இவரு செத்தாருல்ல, மூணாம் நாள் எந்திரிக்காரான்னு மட்டும் பாருங்க, அப்புறம் யாருன்னு நான் சொல்லுதேன்" என்றாள். "அது எப்படி, கூப்பிட்டாத்தான் வருவாராம்? எங்காளுக்கு நம்ம வாயைத் திறக்கதுக்கு முன்னாடியே தெரியும்" என்று அவளே தொடர்ந்தாள். சீனியக்கா விடவில்லை, "ஆமா, தெரிஞ்சுதான் உன் வீட்டுல பைப்புல தண்ணி வரல. எங்க அம்மனுக்கெல்லாம் குலவை போட்டாத்தான் காதே கேக்கும். சத்தம் வேணும் தாயி, சத்தம்." எல்லோரும் சிரித்தார்கள். தங்கமாரியும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். யாராவது அவளைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். அவளை யாரும் கேட்பதுமில்லை. கோயிலில்கூட மற்றவர்கள் குலவை போடும்போது அவள் நாக்கை அசைப்பாள், சத்தம் வராது. மனசுக்குள் வேண்டினால் போதாதா? ஜெசிந்தாக்கா சொன்ன சாமி மாதிரி இருந்தால் போதும். சீனியக்கா சொன்ன சாமி மாதிரி இருந்தால்? காலையில் இருந்து மனசுக்குள்ளேயே எத்தனை தடவை, அம்மா, அசையச் சொல்லு, அம்மா, அசையச் சொல்லு. அசையவில்லையே.

படக்கதையில் வருகிற வில்லன் கேட்டதுதான் அவளை விடமாட்டேன் என்கிறது. நிசப்தன் என்று பேர் அவனுக்கு. ஒல்லியான ஆள், அழகாகக்கூட இருப்பான், பார்த்தால் வில்லன் மாதிரியே தெரியாது. அவனுக்கு ஒரு மகள், பிறவி ஊமை. வெள்ளம் வந்த அன்றைக்கு ஊரே கூரை மேல் நின்று ககனவீரா, ககனவீரா என்று கத்துகிறது. அவனும் ஒவ்வொருத்தராகத் தூக்கிக் கரையில் விடுகிறான். அந்தப் பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, சத்தமில்லை. வட்டத்துக்குள் ஒன்றும் எழுதாமல் வெறுமனே விட்டிருப்பார்கள், வெள்ளையாக. அந்த வெள்ளை வட்டத்தைப் பார்க்க முடியாமல் தங்கமாரி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கையை வேகமாக நகர்த்துவாள். பிள்ளையை வெள்ளம் கொண்டுபோன பிறகு நிசப்தன் ககனவீரன் முன்னால் வந்து நின்று கேட்கிறான்: 'கூப்பிடுகிறவர்களுக்கு நீ இருக்கிறாய். கூப்பிடத் தெரியாதவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?' அவ்வளவு பெரிய வீரன், மலையைத் தூக்குகிறவன், தலையைத் தொங்கப் போடுகிறான். அந்தப் படத்தில் அவன் முகத்தைத் தனியாகப் பெரிசாகப் போட்டிருந்தார்கள், பாவமாக இருந்தது. ஐந்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக் கக்கூசில் தங்கமாரி உள்ளே இருந்தபோது யாரோ வெளியே கொண்டி போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் ஓடுகிற சத்தம், டீச்சர் செருப்புச் சத்தம், எல்லாம் கேட்டது. ஒரு வார்த்தை, டீச்சர் என்று ஒரு வார்த்தை போதும். தொண்டைக்குள் வந்து நின்றது, வெளியே வரவில்லை. கத்தினால் எல்லோரும் ஓடி வருவார்கள், பார்ப்பார்கள், கக்கூசுக்குள் இருந்து வருவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு, பெருக்குகிற அம்மா வந்து திறக்கிறவரைக்கும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தாள். "ஏம்ட்டி கூப்பிடல, ஏம்ட்டி கூப்பிடல" என்று அம்மாவும் பெரியம்மாவும் மாறி மாறிக் கேட்டார்கள். இப்போது உள்ளே இருக்கிறதும் அப்படி ஒரு கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறதா? வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா? அது கூப்பிட்டால் கேட்கிற காது யாருக்கு இருக்கிறது, அவளைத் தவிர? அவளுக்கே கேட்கவில்லையே.

அசைவு குறைந்தால் யோசிக்காமல் உடனே வந்துவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். போன மாதம் அப்படித்தான் ஓடினாள், அடிவயிறு பிடித்துக்கொண்டது என்று. நர்ஸ் தொட்டுப் பார்த்துவிட்டு, "வாயுப் பிடிச்சதுக்கெல்லாம் ஓடி வருவியாம்மா? போ, இஞ்சி தட்டிக் குடி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை வயிறும் குலுங்கியது. மாமியார் அதை அப்படியே தெருவுக்குக் கொண்டுவந்து, "எங்க மருமகளுக்கு வாயு பிறக்கப் போகுது" என்று ஒரு வாரம் சொல்லிச் சிரித்தாள், பாசமாகத்தான் சிரித்தாள், ஆனாலும் தங்கமாரி பைப்படிக்குப் போகாமல் கிடந்தாள். இப்போது மறுபடியும் போய் நின்று, கையை வைத்ததும் உள்ளே உதைத்துவிட்டால்? அதே நர்ஸாக இருந்தால்? உதைத்துவிட்டால் நல்லதுதானே, சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டுமே. உதைக்காவிட்டால்? அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு காலை இழுத்துக்கொண்டு திரும்பி ஓடிவரும், தூங்குது, தூங்குது. வீட்டுக்காரர் முனீஸுக்குப் போன் போடலாம். அவர் காலண்டர் லோடு ஏற்றிக்கொண்டு கேரளத்துப் பக்கம் போயிருக்கிறார், பதறிப்போய் வண்டியை எங்கேயாவது விட்டுவிடப் போகிறார். அப்போதுதான் சாமிக்கு நேர்ந்துகொள்கிற மாதிரி ஒரு நேர்த்தி மனசில் வந்து ஒட்டிக்கொண்டது. கதையில் நிசப்தன் ஊரையே ஒரு கண்ணாடிக் கூண்டு போட்டு மூடிவிட்டான், ஒரு குரலும் வெளியே வராது. கூப்பிடுகிற குரல்தான் ககனவீரனுக்கு மூச்சு; குரல் நின்றதும் விழுந்தான். கடைசியான நாலாம் ஃபாரம் இன்னும் அச்சாபீசில் இருந்து வரவில்லை, சாயங்காலத்துக்குள் லோடு ஆட்டோவில் வரும் என்றார்கள். அதில் அவன் எழுந்துவிட்டால் பிள்ளையும் அசைந்துவிடும். எழுந்துவிடுவான், வீரன்தானே, அடுத்த மாதமும் புத்தகம் போட வேண்டாமா. அப்படியென்றால் இது நேர்த்தியே இல்லை, ஏமாற்று. ஜெயிக்கிற பக்கம் பார்த்துப் பணம் கட்டுகிற மாதிரி. எழாவிட்டால்? ஏன் அப்படி நினைத்தாய், மனசை அழித்துவிட்டு முதலில் இருந்து நினை. மிஷின் ரிப்பேர், இன்றைக்கு வராது என்றால் என்ன கணக்கு? வயிற்றில் இருக்கிறதை ஒரு தாளோடு கட்டி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே, இவள் ஒரு அம்மாவா? கை மட்டும் நிற்கவில்லை. ஒரு மடிப்பு, திருப்பி ஒரு மடிப்பு, கடைசியாக ஒரு மடிப்பு, இழுப்பு. இருட்டில் பிறந்த அந்தப் பச்சைப்பிள்ளை வருகிறது, போகிறது. சுரங்கம் இடிந்து உள்ளே மாட்டிக்கொண்டவள் பெற்ற பிள்ளை அது. அவனைப் பெறுகிற வரைக்கும் அவள் வாய் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம், தொண்டை கிழிந்து ரத்தம் வருகிற வரைக்கும். கடைசியில் மண்ணுக்கு மேலே ஒருத்தன் காதில் விழுந்ததாம். அதைத்தான் வயிற்றுக்குள் இருந்து கேட்டுக் கேட்டு அவனுக்கு அந்தக் காது வந்தது என்று போட்டிருந்தது. அவளுக்கென்ன, கூப்பிடத் தெரிந்தவள்.

"ஏ மேரி மாதா! நிறுத்துங்கட்டி மடிப்பை!" சீனியக்கா கத்தினது கட்டிங் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கையில் தங்கமாரி அடுக்கின கட்டு. ஜெசிந்தா சும்மா இருப்பாளா, "எங்க ஆளைக் கூப்பிட்டுட்டீங்களே அக்கா" என்றாள். "கோவத்துல யார் பேரு வந்தா என்ன, இதைப் பாரு. கடைசி மடிப்பை மறுபக்கமா மடிச்சு வச்சிருக்கா. நடுப்பக்கம் வெளிய வந்து, முதப்பக்கம் உள்ள போயி..." ஒரு துண்டை எடுத்து நாக்கில் விரலைத் தொட்டு ஓரத்தைப் பிளந்து பார்த்தாள். தங்கமாரிக்குக் காது அடைத்தது. எத்தனை தாள் அப்படி மடித்தாளோ. இந்த வேலைக்கு வந்து இதுவரை இப்படி ஆனதில்லை. சீனியக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லோரும் கேட்க ஏற்ற இறக்கமாகச் சொன்னாள்: "இதைத் தச்சு விட்டா என்னாகும் தெரியுமா? முதல்ல சாவு வரும், அதுக்குப் பிறகுதான் பிறப்பே வரும். ஏட்டி தங்கமாரி, பிள்ளை பிறக்கதுக்கு முன்னாடியே கொன்னு வச்சிருக்கியே, உனக்கே நல்லாருக்கா?"

செட்டு சிரித்தது. சிரிப்பு அவள் மேல் வந்து விழுவது தெரிந்தது. எப்போதும் போல முகம் கீழே போனது, முந்தியைக் கை தேடியது. மன்னிச்சிருங்கக்கா, பிரிச்சுத் திருப்பி மடிச்சிருதேன், என்று சொல்ல வேண்டிய வார்த்தைகூடத் தயாராக இருந்தது. அந்த வார்த்தைக்குப் பின்னால் இன்னொன்று நின்றது. கொண்டி போட்ட கதவுக்கு இந்தப் பக்கம் நின்றது, வெள்ளை வட்டத்துக்குள் எழுத்தில்லாமல் நின்றது. வெளியே செருப்புச் சத்தம் போகிறது. பெருக்குகிற அம்மா வருகிறவரைக்கும் நான் நிற்பேன், நான் நின்று பழகியவள், அது நிற்குமா? அதற்கு வாய் இல்லை. அதற்கு வாயாக இந்த உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது, அதை நான் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாலாம் ஃபாரம் வரட்டும் என்று.

"அக்கா" என்றாள். அது யாருக்கும் கேட்கவில்லை. கட்டிங் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, சிரிப்பு இன்னும் ஓயவில்லை. அவள் தரையில் கையூன்றி எழுந்து நின்றாள், மடியில் இருந்த தாளெல்லாம் சரிந்தது. "அக்கா! பிள்ளை அசையலக்கா! காலையில இருந்து அசையல!"

அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. மிஷின்காரர் நிறுத்தியிருக்க வேண்டும், மிஷின் நின்றது. சீனியக்கா முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. இப்போதுதான் தன் வாயால் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது போல. கையில் இருந்த கட்டைக் கீழே போட்டுவிட்டுப் படபடவென்று தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அடிப் பாவி, என் நாக்கு அழுகிப் போக. இதை வாயில வச்சுக்கிட்டா காலையில இருந்து உக்காந்திருந்த? சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்கட்டி. எந்திரி... எந்திரிச்சுதான் நிக்கியா, வா." அதே நேரத்துக்கு வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றதும், நாலாம் ஃபாரம் கட்டுகளை ஆளுக்கொன்றாக இறக்கிப் போட்டதும், அந்த இடத்தில் அவளை ஏற்றினதும் ஒரே மூச்சில் நடந்தது. ஜெசிந்தாக்கா தன் டீயில் இருந்த சீனி எல்லாம் கலங்கும்படி ஆற்றி அவள் வாயில் வைத்தாள். "குடி. இனிப்பு போனா எழும்பும்." பகலெல்லாம் அவள் வாசலைப் பார்த்ததைக் கவனித்திருப்பாள் போல, பிறகு அவிழ்ந்து கிடந்த நாலாம் ஃபாரக் கட்டைக் கண்ணால் காட்டி மெதுவாகக் கேட்டாள், "ககனவீரன் என்ன ஆனான்னு பாத்துச் சொல்லவா? மேல்தாள்லயே இருக்கும்." தங்கமாரி கட்டைப் பார்த்தாள். தலைகீழாக ஒரு சாம்பல் நிறம் தெரிந்தது, நிற்கிறானா கிடக்கிறானா தெரியவில்லை. "வேண்டாங்கக்கா, வந்து பாத்துக்கிடுதேன்" என்றாள்.

லோடு ஆட்டோவின் பின்னால் திறந்த தொட்டியில் பழைய தாள் கட்டுகளுக்கு மேல் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தாள். தலை சீனியக்கா மடியில். பஜார், வெயில், பட்டாசுக் கடைப் பலகைகள், எல்லாம் தலைகீழாகப் போயின. சாலையில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். சீனியக்கா வாய் ஓயாமல் அம்மனைத் திட்டிக்கொண்டே வந்தாள், "ஏ காது கேக்கலையா உனக்கு, இந்தப் பிள்ளை கூப்பிட்டுருச்சுல்ல, இனி என்ன உனக்கு" என்று. தங்கமாரி மேலே வெறும் வானத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் பறந்து வரவில்லை. ஆனால் அங்கே யாரும் இல்லை என்றும் தோன்றவில்லை. லோடு ஆட்டோக்காரர் ஆரனை விடாமல் அழுத்துகிறார், மிஷின்காரர் மிஷினை நிறுத்தினார், ஜெசிந்தாக்கா டீயைத் தந்தாள், கூப்பிட்டதும் எத்தனை பேருக்குக் கேட்டுவிட்டது. ககனவீரனுக்கு ஒரு காது இருந்தது, பாவம், ஒருத்தன் எத்தனை இடத்துக்குத்தான் போவான். ரயில்வே கேட் மூடியிருந்தது. "போச்சு" என்று சீனியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். முன்னால் பஸ், பின்னால் மாட்டு வண்டி, திரும்பவும் முடியாது. தங்கமாரி கண்ணை மூடிக்கொண்டு, கையை வயிற்றின் மேல் வைத்து, முதல் தடவையாக மனசுக்குள் இல்லாமல் உதட்டால், வாய்விட்டு, சாமியை இல்லை, அதைக் கூப்பிட்டாள். பேர்கூட வைக்கவில்லை, என்ன சொல்லிக் கூப்பிட? "ஏ புள்ள," என்றாள். "ஏ புள்ள. அம்மா பேசுதேன். கேக்குதா?"

ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் வந்து ஊதினது. அப்படி ஒரு ஊது, தகரத் தொட்டியே அதிர்ந்தது, தாள் கட்டு அதிர்ந்தது, பல் அதிர்ந்தது. உள்ளே ஒன்று திடுக்கென்று விழித்துக்கொண்டு விலாவில் ஒரு குத்து விட்டது. எரிச்சலில் விட்ட குத்து. தூக்கம் கலைந்தவர்கள் விடுகிற குத்து. "அக்கா!" என்று தங்கமாரி போட்ட சத்தத்தில் பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். "அக்கா, கேட்டுருச்சு! அதுக்குக் கேட்டுருச்சுக்கா!" சீனியக்கா கையை வைத்தாள், ரயில் பெட்டி பெட்டியாகக் கடந்துகொண்டிருந்தது, கையை எடுக்காமலே இருந்தாள். ஒன்று. இன்னொன்று. "ஆமாட்டி" என்றாள், குரல் உடைந்து. "இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டே வந்துருவோம்." "போவோங்கக்கா" என்றாள் தங்கமாரி. "அந்த நர்ஸு ஏதாச்சும் சொன்னா நான் பேசிக்கிடுதேன்." சீனியக்கா அவளைக் குனிந்து பார்த்தாள், யாரையோ புதுசாகப் பார்க்கிற மாதிரி. பிறகு நடு ரோட்டில், பஸ்ஸுக்கும் மாட்டு வண்டிக்கும் நடுவே, தலையை நிமிர்த்தி ஒரு குலவை போட்டாள். கேட் திறக்கிறவரைக்கும் போட்டாள். இரண்டாவது குரல் அவள் மடியில் இருந்து சேர்ந்தது.